எரிக்கச் சொன்ன மெத்தை

மலைமேல் நாயுடுபுரத்துக் குளிருக்குக் கொசு அண்டாது. அப்படியிருக்க, நாலு வயது சுபஸ்ரீயின் கழுத்தில் ஸ்கேல் பிடித்துப் புள்ளி வைத்தது போல மூன்று தடிப்புகள் எப்படி வந்தன என்று தாய் மேனகாவுக்கு முதல் நாள் விளங்கவில்லை. மூன்றாம் நாள் அந்த வரிசை முதுகு வழியே இடுப்பு வரை இறங்கியிருந்தது. பிள்ளை சொறியவும் இல்லை, அழவும் இல்லை.

மேனகா பிள்ளையின் மெத்தையைப் புரட்டினாள். தையல் ஓரம் முழுக்கக் கறுப்புப் புள்ளிகள், நசுங்கிய ரத்தக் கறை, கொத்தமல்லித் தழையைக் கசக்கிப் பல நாள் மூடி வைத்தது போன்ற வீச்சம். மூட்டைப்பூச்சி! ஆத்திரம் தலைக்கேறியது அவளுக்கு. அவள் அறை பெருக்கும் காட்டேஜின் முதலாளி ஹரிகிருஷ்ணன், சீசன் முடிந்த கையோடு, "புதுசு மாதிரி இருக்கு, பாப்பாவுக்கு வச்சுக்க" என்று கொடுத்த மெத்தை அது. அதை ஒரு கும்பிடு போட்டு வாங்கி, மேட்டுப் பாதையில் தலைச்சுமையாகத் தூக்கி வந்தவள் அவள்தான்.

வெயிலில் போடலாமென்றால் ஐந்து நாளாக மூடுபனி விலகவில்லை. பகல் இரண்டு மணிக்கும் வீட்டில் பல்பு எரிந்தது. ஆகவே மலைக்காரர்கள் ஈரக் கம்பளிக்குச் செய்வதையே இதற்கும் செய்தாள். மெத்தையைப் பலகைச் சுவரில் சாய்த்து, முன்னால் கணப்புச் சட்டியில் கரி போட்டு, கதவைத் திறந்து வைத்து, இரண்டு நாள் கங்கு அணையாமல் பார்த்துக்கொண்டாள். பிள்ளையைப் பாயில் படுக்க வைத்தாள். தடிப்புகள் நிற்கவில்லை. இப்போது கை முழுக்க.

சத்தமும் அப்போதுதான் தொடங்கியது. முறத்தில் நொய்யரிசி புடைப்பது போல, பலகைக்குள்ளிருந்து மிக மெல்லிய ஒரு சரசரப்பு. சுவருக்கு அந்தப் பக்கம் வீடு எதுவும் கிடையாது, வெறும் மலைமண்தான். காதை வைத்தால் நின்றது. எடுத்தால் தொடர்ந்தது.

மறுநாள் மதியம், காட்டேஜ்களுக்குப் பூச்சிமருந்து அடிக்கும் ஞானவேலைக் கூட்டி வந்தாள். டார்ச்சோடு வந்தவன் மெத்தையைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"இது எப்படிக்கா இங்க வந்துச்சு? நாலு தடவ மருந்தடிச்சும் சாகல. எரிச்சிருங்கன்னு சொல்லித்தானே அந்த சாருகிட்ட விட்டுட்டு வந்தேன்?"

மேனகா போனை எடுத்து முதலாளியை அழைத்தாள்.

"ஓசியில குடுத்ததுக்குக் கொறை வேறயா?" என்றார் ஹரிகிருஷ்ணன்.

"எம்புள்ள என்ன ஒங்க குப்பத்தொட்டியா சார்? எரிக்கச் சொன்னத அது முதுகுக்கு அடியில போட வச்சீங்களே, நீங்கல்லாம் நல்லா இருப்பீங்களா?"

இணைப்பு துண்டிக்கப்பட்டது. அந்த வெறியிலேயே மெத்தையை முற்றத்துக்கு இழுத்துப் போட்டாள். "வெளிய பொகையா வரும், உள்ளயே இரு" என்று மகளிடம் சொல்லிவிட்டுத் தீப்பெட்டியோடு வந்தாள். ஞானவேல் பிளேடால் உறையைக் கிழித்தான்.

உள்ளேயிருந்து பழுப்பாகக் கொட்டியது. படிக் கணக்கில். எல்லாம் தோல். கழற்றிப் போட்ட வெறும் தோல். உயிரோடு ஒரு பூச்சிகூட இல்லை.

"அக்கா, கணப்பு வச்சீங்களா?" அவன் குரல் இறங்கியிருந்தது.

"ஆமா. காயட்டும்னுதான்."

"கொதிக்கிற சூடுன்னாச் சாகும்க்கா. வெதுவெதுன்னு காட்டுனா, குளிர்ல சுருண்டு கெடந்ததெல்லாம் முழிச்சிரும். கதகதப்பு இருக்கிற எடமாப் பாத்துப் போயிரும்."

"எங்க?"

அவன் வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மேனகா ஓடினாள். உள்ளே பல்பு எரிந்தது. கணப்புச் சட்டி ஜில்லென்று கிடந்தது. நேற்றே அணைந்த சட்டி. தடுமாறிச் சுவரில் கை ஊன்றினாள். பலகை சுட்டது. காய்ச்சல்காரன் உடம்புபோல. உள்ளங்கைக்கடியில் அது மெல்ல உப்பியது. அடங்கியது. மறுபடி உப்பியது.

மூலையில் சுபஸ்ரீ. சுவரோரம் சம்மணமிட்டு. ஸ்வெட்டரைக் கழற்றி மடித்து வைத்திருந்தாள். இடது கை, தோள்பட்டை வரை, பலகை இடுக்குக்குள்.

"ஏய்! கைய எடுடி!"

பிள்ளை திரும்பினாள். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. வலது கை விரலை உதட்டில் வைத்தாள்.

"கத்தாதம்மா. சாப்பிடுறாங்க."

மேனகா பாய்ந்து மகளின் இடுப்பைக் கட்டிப் பிடித்து இழுத்தாள். கை வரவில்லை. காலைச் சுவரில் உதைத்து, பல்லைக் கடித்து, முழு பலத்தோடு இழுத்தாள்.

உள்ளேயிருந்தும் இழுத்தது.