மந்திரியின் தலையில் ஒரு கீறல்

"ஏங்க... அந்தக் குதிரை என்னோடது!"

சொன்ன பிறகுதான் தான் கத்திவிட்டது அருணாசலவடிவுக்கு உறைத்தது. பீச் ரோட்டு பேக்கரியில் மழைக்கு ஒதுங்கி நின்ற பத்துப் பேரும் திரும்பிப் பார்த்தார்கள். காதில் இயர்போனோடு, போனை மூக்கில் முட்டுகிற தூரத்தில் வைத்து செஸ் ஆடிக்கொண்டிருந்தவன் மெதுவாகத் தலையைத் தூக்கினான்.

அந்தக் கண்கள்... கரிய, ஆழமான கண்கள். ஆனால் அவள் முகத்தைப் பார்க்காமல் காதோரம் எங்கோ போய் நின்றன. திமிர் பிடிச்சவன், என்று நினைத்துக்கொண்டாள்.

"குதிரையா? மழையில எதுக்கு அவுத்து விட்டிய... கட்டிப் போட வேண்டியதுதான?"

"சிரிக்காதீங்க. உங்க போன்ல இருக்குத செஸ் காயெல்லாம் நான் வரைஞ்சது."

பொய்யில்லை. உப்புப் பாக்கெட்டுக்கு லேபிள் வரைவது அவளுக்கு வயிற்றுப்பாடு. மீதி நேரத்தில் எட்டு மாதம் மெனக்கெட்டு, கம்ப்யூட்டர் செஸ்ஸுக்கென்று கறுப்பில் ஆறும் வெள்ளையில் ஆறுமாகப் பன்னிரண்டு காய்கள் வரைந்து இலவசமாக நெட்டில் விட்டிருந்தாள். எல்லாம் வெக்டர் படங்கள். சுவர் அளவுக்குப் பெரிதாக்கினாலும் ஓரம் உடையாது. ஒவ்வொரு கோடும் தலைமுடி போல மெல்லிசு. அதில்தான் அவளுக்குக் கர்வமே.

எட்டிப் பார்த்தவளுக்குப் பகீரென்றது. ஐயோ, மந்திரி! சிப்பாயிலிருந்து பிரித்துக் காட்ட, பிஷப் காயின் தலையில் அவள் போட்ட மெல்லிய கீறலை யாரோ கோடாலியால் பிளந்த மாதிரித் தடியாக்கி...

"இதக் கெடுத்தது யாரு?"

"நாந்தான். மூணு தடவ கேட்டேன், மாத்தித் தரமாட்டேன்னுட்டிய. நான் லிங்கராஜ். நெட்டுல, லிங்கம் அறுபத்துநாலு."

வடிவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவனா? மந்திரியும் சிப்பாயும் ஒண்ணுபோல இருக்கு என்று எழுதி எழுதி உயிரை வாங்கியவன்! கடைசியில் அவளும் சுள்ளென்று பதில் போட்டிருந்தாள்: 'கண்ணு தெரியலேன்னா ஆஸ்பத்திரிக்குப் போங்க. என் மந்திரியைக் குறை சொல்லாதீங்க.'

"ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னியளே... போனேங்க," என்றான் லிங்கராஜ். குரலில் கோபமே இல்லை. "சின்னப் பிள்ளையிலேருந்து போய்க்கிட்டுதான் இருக்கேன். நேரே பாத்தா நடுவுல ஒண்ணும் தெரியாது. கொஞ்சம் ஒதுக்கிப் பாத்தாத்தான் உருவம் தெரியும். எழுத்தெல்லாம் போன்தான் வாசிச்சுச் சொல்லும்."

வடிவு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவன் அவளுடைய பழைய காய்களைத் திரையில் வரவழைத்து நீட்டினான்.

"இதுல மந்திரி எது? உங்களுக்குக் கண்ணு நல்லாத்தான இருக்கு..."

வடிவு பார்த்தாள். கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். ஆண்டவா... தெரியவில்லை! ஆபீஸில் பெரிய திரை நிறைய விரித்து வைத்து வரைந்தவள், ஒருநாளாவது நகக்கண் அளவில் பார்த்தாளா? கன்னம் சுட்டது. ஆனாலும் வீம்பு விடவில்லை.

"தடிக் கோட்டுக் காய் நெட்டுல நூறு கிடக்கே. அதுல ஒண்ண எடுத்துக்கிட வேண்டியதுதான?"

அவன் தயங்கினான். "மனசு வரல... படந்தான் சரியாத் தெரியல. ஃபைலுக்குள்ள உள்ளத போன் வாசிக்கும்லா..."

வடிவுக்குப் பொறி தட்டியது. வெக்டர் படம் என்பது உள்ளே வெறும் எழுத்துதான். நடுநடுவே குறிப்பு எழுதலாம், திரையில் தெரியாது. எவன் திறந்து பார்க்கப் போகிறான் என்று எட்டு மாதமாக அவள் மனதில் பட்டதையெல்லாம் அதில் கொட்டி வைத்திருந்தாள்.

"'கழுத்து வளைய மூணு நாளாச்சு', இது குதிரையில. 'அம்மா ஜாதகத்தத் தூக்கிட்டுப் போயிட்டா, இன்னைக்கு உனக்குக் கிரீடம் கிடையாது', இது ராணியில. அப்புறம் ராஜாவுல..."

"சொல்லாதீங்க!"

"'ராஜா வந்தாச்சு... எனக்குத்தான் இன்னும் ஒருத்தனும் வரல.'"

கொட்டுகிற மழையில் குடையைக்கூட விரிக்காமல் ஓடினாள்.

ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. ரகசியம் தெரிந்துவிட்ட வெட்கம் ஒரு பக்கம். அதைவிட, அந்த 'ஆஸ்பத்திரிக்குப் போங்க'... அதைக் கேட்ட பிறகும் ஒருவன் தன் காய்களை விடாமல் வைத்திருந்தானே! தப்பு என்னோடது என்று ஒத்துக்கொள்ளத்தான் ஏழு நாள் பிடித்தது. எட்டாம் நாள், திரையில் மந்திரியை நகக்கண் அளவுக்குச் சுருக்கி வைத்துக்கொண்டு, தன் ஆசைக் கோட்டைத் தானே தடியாக்கினாள். பன்னிரண்டு காய்களும் மாறின. ராஜாவின் ஃபைலில் புதிதாக ஒரு குறிப்பு எழுதி, நெட்டில் விட்டு, 'மந்திரியை மாத்திட்டேன்' என்று லிங்கம் அறுபத்துநாலுக்கு ஒரு வரி போட்டுவிட்டு, நேரே பேக்கரிக்கு நடந்தாள்.

வாசலிலேயே கால் நின்றுவிட்டது. உள்ளே லிங்கராஜ். முன்னால் மக்ரூன் பொட்டலம், கையில் போன். காதில் இயர்போன் இல்லை! போன் கணீரென்று கடை முழுக்க வாசித்தது:

"மன்னிச்சிருங்க லிங்கராஜ். ராஜா வந்தாச்சு. மழைக்கு ஒதுங்கி நின்னாரு. நாந்தான் கண்ணு தெரியாம ஓடிட்டேன்."

கடையே திரும்பிப் பார்த்தது. அவன் பதறி அணைக்கப் போக, கல்லாவிலிருந்த அண்ணாச்சி கத்தினார். "ஏலே, அணைக்காதடே! இன்னொருக்கா போடு!"

"வேண்டாம் அண்ணாச்சி," என்றாள் வடிவு வாசலிலிருந்தே. "அத... நானே நேர்ல சொல்லிக்கிடுதேன்."

அவன் அதிர்ந்து எழுந்தான். போன் மேசையில் விழுந்தது. குரல் வந்த திசைக்குத் திரும்பி, அவள் காதோரமாகப் பார்வையை நிறுத்தினான். தன்னைத்தான் முழுசாகப் பார்க்கிறான் என்று இப்போது அவளுக்குத் தெரியும்.

"எனக்கும் உங்களப் பிடிச்சிருக்குங்க," என்றான் அவன். "ராணிக்குக் கிரீடம் கிடையாதுன்னியளே... அதக் கேட்ட அன்னைக்கிருந்தே."