ஊசித் துளையில் ஒரு கொலை

"அய்யோ... பாப்பா!"

அண்ணனின் அலறலில் அந்த வீடே அதிர்ந்தது. போலீசுக்குப் போன் செய்ததும் அவன்தான்.

படுக்கையில் பிணமாய்க் கிடந்தாள் தங்கை. உப்பிய முகம். இரண்டு கைகளிலும் கருநீலத் திட்டுகள்!

இன்ஸ்பெக்டர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக் கொண்டாள். தரையில் காய்ந்துபோன வாந்தி. துடைக்க ஒருவருக்கும் கை வரவில்லை. மேலே ரோஜா வாசனை ஸ்ப்ரேயை மட்டும் தாராளமாய் அடித்திருந்தார்கள்.

'கருமம்...' மனசுக்குள் காறித் துப்பினாள்.

"இவன்தான் மேடம்! என் தங்கச்சிய அடிச்சே கொன்னுட்டான்! அந்தக் கையப் பாருங்க!"

அண்ணன் கை காட்டிய இடத்தில் கணவன். மழுமழுவென்று ஷேவ் செய்த முகம். இஸ்திரி கலையாத சட்டை. பெண்டாட்டி பிணமாய்க் கிடக்கும்போது ஷேவிங் ஒரு கேடா?

"மச்சான், வாய்க்கு வந்தபடி பேசாதீங்க. இதோ டாக்டர் இருக்கார், கேளுங்க!"

இறப்புச் சான்றிதழுக்காகக் கணவன் வரவழைத்திருந்த புற்றுநோய் டாக்டர் தொண்டையைச் செருமினார்.

"அடிச்ச காயம் இல்ல மேடம். சிறுநீரகத்துக்கு மேல அட்ரினல்னு ஒரு சுரப்பி. அதுல இவங்களுக்கு கேன்சர். அந்தக் கட்டி கார்ட்டிசால்ங்கிற ஹார்மோனைக் கொட்டிக்கிட்டே இருந்துச்சு. முகம் உப்பும். தோல் காகிதம் மாதிரி ஆயிடும். வளையல் பட்டாலே கன்னிப் போகும்."

"அதான் செத்தாங்களா?"

"ஹார்மோன் சுரக்கிற கட்டின்னா பொதுவா ஆயுள் கம்மிதான். இவர்கிட்டயும் அதைச் சொன்னேன். ஆனா முகம் உப்பினதாலதான் சீக்கிரமே எங்ககிட்ட வந்தாங்க. போன மாசம் கட்டிய முழுசா எடுத்தாச்சு. நல்லா தேறிட்டு வந்தாங்க!"

"அப்புறம் எப்படி...?"

"கட்டி கொட்டின கொட்டுல மறுபக்கத்துச் சுரப்பி தூங்கிப் போச்சு. அது முழிக்கிற வரைக்கும் தினமும் அந்த ஹார்மோனை மாத்திரையா போடணும். நிறுத்தினா வாந்தி, மயக்கம்... உயிரே போயிடும்! அவசரத்துக்கு ஒரு ஊசியும் குடுத்து, போடவும் இவருக்குச் சொல்லிக் குடுத்தேன்."

கணவன் கண்ணைத் துடைத்தான். துடைக்க அங்கே எதுவும் இல்லை.

"ஒரு வேளை மாத்திரைகூட விடல மேடம். நேத்து சாயங்காலம் ஒரே வாந்தி. உடனே தொடையில ஊசியப் போட்டேன். 'இப்ப பரவாயில்லங்க'ன்னு சொன்னா. காலையில பார்த்தா..."

அண்ணன் தளர்ந்து போனான்.

"மச்சான்... நான்தான் அவசரப்பட்டு..."

இன்ஸ்பெக்டர் போர்வையை விலக்கினாள். வலது தொடையில் ஊசித் துளை. குனிந்து பார்த்த டாக்டரின் முகம் சட்டென்று மாறியது.

"என்ன டாக்டர்?"

"துளை இருக்கு. சுத்தி ஒண்ணுமே இல்ல!"

"இருக்கணுமா?"

"வளையலுக்கே கன்னிப் போற தோல் மேடம். ஒரு மாசத்துல அது சரியாகாது. உயிரோட இருக்கும்போது இந்த ஊசி ஏறியிருந்தா உள்ளங்கை அகலத்துக்குக் கறுத்திருக்கும்."

"அப்ப இது...?"

"ரத்த ஓட்டம் நின்னப்புறம் குத்தினது. பிணத்துக்கு ஊசி போட்டிருக்கார்!"

கணவனின் மழுமழு முகம் வியர்த்து வழிந்தது.

"மாத்திரையாவது குடுத்தீங்களா? போஸ்ட்மார்ட்டம் பண்ணினா எப்படியும் தெரிஞ்சிடும்" என்றாள் இன்ஸ்பெக்டர்.

அவ்வளவுதான். வெடித்தான்!

"குடுக்கல! டப்பாவுல சத்து மாத்திரைய மாத்தி வச்சேன்! சுரக்கிற கட்டின்னா சீக்கிரம் போயிடுவாங்கன்னு இந்தாளுதானே சொன்னார்? அதை நம்பி ஆபீஸ்ல ஒருத்திக்கு வாக்குக் குடுத்துட்டேன். இவ என்னடான்னா நாளுக்கு நாள் தேறுறா! அந்தப் பூசணிக்கா மூஞ்சியோட காலம் பூரா குடித்தனம் நடத்தணுமா? உவ்வே!"

பாய்ந்த அண்ணனை இழுத்துப் பிடித்துக் கொண்டு கணவனுக்கு விலங்கை மாட்டினாள் இன்ஸ்பெக்டர். அவன் கையைத் தொட்ட விரல்களைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும் போலிருந்தது.

ஜீப்பில் ஏறும்போது கணவன் தயங்கினான்.

"மேடம்... எனக்கு பிரஷர் இருக்கு. வேளா வேளைக்கு மாத்திரை போடணும்..."

"கவலையே படாதீங்க சார். ஜெயில்ல டாண்ணு குடுத்துடுவாங்க. அதுவும்... நீங்க உயிரோட இருக்கும்போதே!"