படையலுக்குக் கூப்பிட்ட பெயர்

இப்போதெல்லாம் செத்தவர்களுக்குப் படைப்பதையும் பஸ் பிடிக்கிற அவசரத்தில்தான் செய்கிறார்கள். மகாளய அமாவாசை சாயங்காலம், இலையில் சோறு விழும்போதே டிவி ஓடுகிறது. மகன் ரவிக்குமாருக்கு மைசூர் ஹெப்பாள் ஃபேக்டரியில் ஷிஃப்டுக்குப் போக வேண்டும். மருமகள் உமாதேவி கறியைக் குக்கரில் வேக வைத்தாள். சித்தையனுக்கு எதுவும் சரியாகப் படவில்லை. எழுபது வயதில் அவர் நம்பியது என்று பெரிதாக ஒன்றும் இல்லை.

ஆசை மட்டும் ஒன்று இருந்தது. தாத்தாவோடு உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிட வேண்டும். கொள்ளேகாலிலிருந்து மைசூருக்கு மண் சுமக்க வந்த மனுஷன், பிளேக் காலத்தில், ஊருக்கு வெளியே போட்ட கொட்டகையில் தண்ணீர் கொடுக்க ஆளில்லாமல் போய்ச் சேர்ந்தார். சித்தையனின் அப்பா அப்போது வயிற்றுப் பிள்ளை. தாத்தாவுக்கு என்ன பிடிக்கும் என்று சொல்ல ஒருவரும் மிஞ்சவில்லை. பெயர்தான் மிஞ்சியது. அதைத்தான் பேரன் சித்தையனுக்கு வைத்தார்கள்.

படைத்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே நிற்பது முறை. சித்தையன் எதிரில் தனக்கும் ஓர் இலை போட்டு உட்கார்ந்துவிட்டார்.

“உள்ள ஆரும் இருக்கக் கூடாதுங்க மாமா.”

“வர்றவன் நான் இருந்தாலும் வருவான். வராட்டி கொழம்பு ஆறும், அவ்வளவுதான். ரவி, நீ கூப்புடு.”

“உங்க பேராச்சேப்பா. நான் எப்படிச் சொல்றது?”

“சொல்லுடா. பேரு தேஞ்சா போயிரும்?”

இருவரும் வெளியே போய்க் கதவைச் சாத்தினார்கள். சாம்பிராணிப் புகை தரையோடு படிந்து, குழம்பு வாசத்தை மெல்ல விழுங்கி, நனைந்த பாயும் எரிந்த வேப்பிலையும் கலந்த ஒரு பழைய நாற்றத்தை எங்கிருந்தோ இழுத்துக்கொண்டு வந்தது. வெளியே டிவி நின்றது.

“சித்தையா, சாப்புட வாங்க.”

பெற்ற மகன் வாயில் அந்தப் பெயரை அவர் கேட்டதே இல்லை. வாய் முந்திக்கொண்டது.

“வர்றேன்.”

விளக்கு அசையவில்லை. மெல்லும் சத்தம் கேட்டது. அருகில்தான். சித்தையன் குனிந்து பார்த்தார். இப்போது அவர் உட்கார்ந்திருந்தது தாத்தாவின் இலைக்கு முன்னால். எதிரே, அவருடைய இலைக்கு முன்னால், அவருடைய பனியன். அவருடைய வழுக்கை.

“தாத்தா.”

அது நிமிரவில்லை. எலும்பு நொறுங்கியது. சித்தையனுக்கு மேல்வரிசையில் பல்லே கிடையாது.

சோற்றில் கை வைத்தார். விரலில் ஒட்டவில்லை. எதிரிலிருந்து ஒரு கை நீண்டது. இந்த இலையையும் இழுத்தது. வழித்தது. நக்கியது.

“ஒரு வாய்,” என்று கேட்டார். “ஒரே வாய் குடு.”

கொடுக்கவில்லை.

கதவு திறந்தது.

“ரெண்டு எலையும் காலிங்களா மாமா? நல்ல பசிதான். இன்னும் போடட்டுங்களா?”

“போடு.” அவருடைய குரல்தான்.

ரவிக்குமார் அதன் பக்கத்தில் இலை போட்டு உட்கார்ந்தான். “டேய் ரவி,” என்றார் சித்தையன். அவன் குழம்பு வாங்கிக்கொண்டிருந்தான். அப்பாவின் இலையில் ஒரு கறித்துண்டை எடுத்து வைத்தான்.

சித்தையன் படியிறங்கினார். எல்லாம் பசி மயக்கம். சாம்பிராணிப் புகை. உள்ளே எலும்பு நொறுங்கிக்கொண்டே இருந்தது. எவனோ ஒருத்தன் வந்து உட்கார்ந்துகொண்டு ஏமாற்றுகிறான். தாத்தாவாக இருந்தால் பேரனுக்கு ஒரு வாய் கொடுத்திருப்பான்.

திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.