அட்டியல் போட்டுக்கொண்டு புலமைப்பரிசில் கேட்டவள்

லிஃப்ற் கதவு மூடப்போகும் நேரத்தில் முதலில் ஒரு குடை உள்ளே வந்தது. குடைக்குப் பின்னால் ஒரு பட்டுச்சேலை... சேலைக்குள்ளே துர்க்கா.

'சொறி' சொல்ல அவள் வாயெடுப்பதற்குள், குடையில் இருந்த சித்திரை மழை முழுவதும் மூலையில் நின்ற இளைஞனின் சப்பாத்துக்குள் இறங்கிவிட்டது. அவன் கோபிக்கவில்லை. அவளை ஒருமுறை நிதானமாகப் பார்த்தான். காதில் ஜிமிக்கி, கழுத்தில் அட்டியல், இரண்டு கையிலும் காப்புகள்... கண்களில் மட்டும் ஒன்றும் போடாத வெறும் பயம்.

"கலியாணவீடு எத்தினையாம் மாடியிலை?" என்று கேட்டான்.

தமிழன். ஸ்காபரோவில் எந்த மூலைக்குள் ஒதுங்கினாலும் ஒரு தமிழன் நிற்பான் என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் இன்றைக்கு, இந்த லிஃப்ற்றில், இவன் நிற்காமல் இருந்திருக்கலாம்...

"நான் இன்ரவியூவுக்குப் போறன்" என்றாள் விறைப்பாக. "புலமைப்பரிசில் இன்ரவியூ."

அவன் முகத்தில் இருந்த சிரிப்பு மெல்ல இறங்கியது.

"நானும் அதுக்குத்தான் வந்தனான். இஞ்சை பாருங்கோ, குறை நினையாதேங்கோ. அது இல்லாத பிள்ளையளுக்குக் குடுக்கிற காசு. உந்த நகையளோட உள்ளுக்குப் போனியள் எண்டால் அவை உங்களிட்டை டொனேஷன் கேப்பினம்."

துர்க்கா சேலைத் தலைப்பை இழுத்து அட்டியலை மறைத்தாள்.

காலையில் அவளும் இதையேதான் அம்மாவிடம் சொன்னாள். வேறு வார்த்தைகளில், பயந்து பயந்து. அம்மா யோகராணி கேட்கவில்லை. தையல் தொழிற்சாலையில் பக்கத்து மெஷினில் இருக்கும் றீற்றா அன்ரியிடம் முதல் நாளே நகைகளை இரவல் வாங்கி வந்திருந்தார். "வெள்ளைக்காரருக்கு முன்னாலை இல்லாத ஆக்கள் மாதிரிப் போய் நிக்கப்போறியோ? அப்பா கொழும்பிலை இருந்து கேள்விப்பட்டால் என்ன நினைப்பார்?" என்று கேட்டுக்கொண்டே அட்டியலைப் பூட்டிவிட்டார். அம்மாவுடன் விலை பேசி வென்றவர் அந்த வீட்டில் இதுவரை இல்லை.

விஷயம் இதுதான். கம்யூனிற்றி கொலிஜில் துர்க்கா படிக்கும் கணக்கியல் டிப்ளோமா இந்த மாதத்தோடு முடிகிறது. நல்ல புள்ளிகள். பல்கலைக்கழகத்தில் இடமும் கிடைத்திருக்கிறது. கட்டணம் மட்டும் கிடைக்கவில்லை. இமிக்கிரேசன் பத்திரங்கள் முழுதாக வராததால் அரசாங்கக் கல்விக்கடனும் இல்லை. இந்தப் புலமைப்பரிசில், அதுவும் ஒரேயொரு பிள்ளைக்குத்தான், கிடைத்தால் செப்டெம்பரில் பல்கலைக்கழகம். கிடைக்காவிட்டால் செப்டெம்பரில் தையல் தொழிற்சாலையில் அம்மாவுக்கு மற்றப் பக்கத்து மெஷின். மனேஜரிடம் அம்மா ஏற்கெனவே சொல்லி வைத்தாயிற்று.

அந்த மெஷினின் சத்தம் சில நாட்களாக அவளுடைய நித்திரைக்குள்ளும் வருகிறது...

லிஃப்ற் நின்றது. நடையில் காத்திருப்போர் இருக்க ஒரு நீள வாங்கு. அதன் முன்னால் நின்றுகொண்டே நகைகளைக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டாள். அட்டியலின் கொழுக்கி மட்டும் பிடிவாதம் பிடித்தது. அவன் மரியாதையாக மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான். அந்த நேரம் பார்த்துக் கதவைத் திறந்த காரியதரிசிப் பெண், முதலில் ஒரு சிறிய கட்டுரை எழுதவேண்டும், ஆகையால் பைகள் வெளியே இருக்கட்டும் என்று அறிவித்துவிட்டு, துர்க்காவின் பெயரை எப்படி உச்சரிப்பது என்று பேப்பரைப் பார்த்து யோசித்தாள்.

வெளியேயா? றீற்றா அன்ரியின் நகை, போவார் வருவார் நடக்கும் இந்த வாங்கிலா?

"நான் வைச்சிருக்கிறன்" என்றான் அவன். "எனக்கு உங்களுக்குப் பிறகுதான்."

அப்போதுதான் அவள் அவன் கண்களைப் பார்த்தாள். கரிய, ஈரமான, கொஞ்சம் குறும்பான கண்கள். ஒன்றையும் விற்க வராத கண்கள் என்று ஒரு கணம் தோன்றியது... நல்ல வியாபாரியின் கண்ணும் அப்படித்தானே இருக்கும் என்று அடுத்த கணம் தோன்றியது. உள்ளேயிருந்து மறுபடி கூப்பிட்டார்கள். பையை அவன் கையில் வைத்துவிட்டு ஓடினாள். பெயர்கூடக் கேட்கவில்லை. அவனும் கேட்கவில்லை.

கட்டுரை எப்படியோ முடிந்தது. எதிரே மூன்று பேர். நடுவில் இருந்த வெள்ளைத்தலை அம்மாள்தான் பெரியவர் போலிருந்தது. படிப்பைப் பற்றிக் கேட்டார்கள், நன்றாகச் சொன்னாள். என்ன ஆகவேண்டும் என்று கேட்டார்கள், அதையும் சொன்னாள். பிறகு வெள்ளைத்தலை அம்மாள் மெதுவாகக் கேட்டார். வீட்டு நிலைமை எப்படி? இந்தப் பணம் இல்லாவிட்டால் சமாளிக்க முடியுமா?

துர்க்காவின் வாய் அவளைக் கேட்காமலே பதில் சொன்னது. நாங்கள் நன்றாக இருக்கிறோம். ஒரு குறையும் இல்லை.

சிறு வயதிலிருந்து பழகிய பதில். சொந்தக்காரர் கேட்டாலும் அதுதான், பகைக்காரர் கேட்டாலும் அதுதான். நகையைக் கழற்றி வெளியே வைத்துவிட்டாள், நாக்கை உள்ளே கொண்டுவந்துவிட்டாள்.

அம்மாள் பேனையைக் கீழே வைத்தார். அந்தப் பேனை மேசையில் படுத்த சத்தத்தில் துர்க்காவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. போச்சு... பார்வை தன்பாட்டில் கதவுப் பக்கம் ஓடியது. கதவில் ஒரு சிறு கண்ணாடி. இவ்வளவு நேரமும் அதற்குள்ளால் வாங்கின் நுனியும் ஒரு நனைந்த சப்பாத்தும் தெரிந்துகொண்டிருந்தன.

இப்போது வாங்கு மட்டும் தெரிந்தது.

றீற்றா அன்ரியின் முகம், அம்மாவின் முகம், பெயர் தெரியாத அவன் முகம்... வெள்ளைத்தலை அம்மாள் என்னவென்று கேட்டதும் துர்க்கா உடைந்துவிட்டாள். ஆங்கிலம் எந்தப் பக்கத்தால் வந்ததென்று அவளுக்கே தெரியாது. தான் சொன்னது பொய் என்றாள். நாங்கள் நன்றாக இல்லை. அப்பா வந்துசேரவில்லை. அம்மாவின் சம்பளம் வாடகைக்கே இழுபறி. ஏழை என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாதென்று அம்மா இரவல் நகை பூட்டி அனுப்பினார். அதைக் கழற்றி, இதற்கு முன் கண்டிராத ஒருவனிடம் கொடுத்துவிட்டு வந்து இருக்கிறேன். இப்போது அவனையும் காணவில்லை.

பிறகு வெள்ளைத்தலை அம்மாள் எழும்பி, தானே கதவைத் திறந்தார்.

நடையில் ஒருவரும் இல்லை. காரியதரிசிப் பெண்தான் சொன்னாள், அந்தப் பையனைக் காவலாளி கீழே கூட்டிப்போனார் என்று. துர்க்கா படிகளில் சேலையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அம்மாள் மூச்சிரைக்கப் பின்னால் வந்தார்.

காவலாளியின் சிறிய அறையில் அவன் இருந்தான். பையை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு... சுகமில்லாத பிள்ளையை ஆசுப்பத்திரியில் வைத்திருப்பதுபோல.

துர்க்காவின் வாயிலிருந்து முதலில் வந்தது நன்றியல்ல.

"ஏன் என்ரை பாக்கைக் கொண்டு ஓடினனீங்கள்?"

தமிழில் கேட்டதால், அந்த அறையில் அது விளங்கியது அவன் ஒருவனுக்குத்தான். அவன் பையை நீட்டினான். "சரி பாருங்கோ" என்றான்.

அவள் பார்த்தாள். அதுதான் கொடுமை. அவன் முன்னாலேயே பையைத் திறந்து, அட்டியல், ஜிமிக்கி, காப்பு என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். நிமிர்ந்தபோது அவன் அங்கே இல்லை. தன்னுடைய நேர்முகத்துக்காகப் படியேறிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு படியிலும் ஈரச் சப்பாத்து சத்தமிட்டது.

மிச்சத்தைக் காவலாளி சொன்னார். பெண்ணின் கைப்பையோடு ஒருவன் இருக்கிறான் என்று யாரோ முறையிட்டிருக்கிறார்கள். யாருடைய பை என்று கேட்டால் பெயர் தெரியாது என்கிறான். திறந்து காட்டச் சொன்னால் மாட்டேன் என்கிறான். மேலே போய்க் கேட்போம் என்றால், அந்தப் பிள்ளை இன்ரவியூவில் இருக்கிறாள், குழப்பவேண்டாம், முடியும்வரை இங்கேயே இருக்கிறேன் என்று கெஞ்சுகிறான். தன்னுடைய நேரம் போய்க்கொண்டிருப்பது தெரிந்தும்.

துர்க்கா வாங்கில் காத்திருந்து மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பயம்... அதற்கு மேலே கொஞ்சம் ரோசம். பஸ் பிடித்து வீட்டுக்கு ஓடிவிட்டாள்.

தொலைபேசி அழைப்பு வந்தது ஒரு சனிக்கிழமை. வெள்ளைத்தலை அம்மாள்தான். புலமைப்பரிசில் துர்க்காவுக்கு. அன்றைக்கு அவள் சொன்ன உண்மையை ஒருவரும் மறக்கவில்லை என்றார். அவளுடைய கொலிஜில் எலெக்ரோனிக்ஸ் படிக்கும் நண்பன் அகஸ்ரினும் அருமையாகப் பேசினான், கொடுப்பதற்கு இன்னொன்று இல்லையே என்று வருந்தினார்.

அகஸ்ரின்... பையை வைத்திருந்தவனின் பெயர் அதுதான். அம்மா அதற்குள் அப்பார்ட்மென்ற் முழுவதற்கும் செய்தி சொல்லிக்கொண்டிருந்தார். கெட்டித்தனத்துக்குக் கிடைத்ததாம். இல்லாமையைப் பற்றி மூச்சு விடவில்லை. துர்க்கா மட்டும் கட்டிலில் போய் இருந்தாள். அவனுடையதைத் தட்டிப் பறித்துவிட்டேனோ?

திங்கட்கிழமை கொலிஜ் உணவறையில், எலெக்ரோனிக்ஸ் படிக்கிறவர்கள் கூடும் மூலையில் அவனைக் கண்டாள். தனியே இருந்தான். அவள் கிட்டப் போக எழும்பி நின்றான்.

"கொங்கிராட்ஸ்" என்றான். குரலில் உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை.

"நான் அண்டைக்குத் திறந்து பாத்திருக்கக் கூடாது."

"பாத்தது பிழையில்லை. நான் எண்டாலும் பாத்திருப்பன். ஆனால் பையைத் திறக்கேக்கை நீங்கள் என்ரை முகத்தை ஒருக்காக்கூடப் பாக்கேல்லை... அதுதான்."

அவள் இப்போது பார்த்தாள். பார்ப்பதற்குத் தைரியம் முழுவதும் செலவாயிற்று.

"என்னாலை பிந்திப்போனதாலைதான் உங்களுக்குக் கிடைக்கேல்லையோ?"

"ஓம் எண்டு சொன்னால் எனக்கு மரியாதையாய்த்தான் இருக்கும்" என்று கடைசியில் சிரித்தான். "ஆனால் இல்லை. நான் விட்டும் தரேல்லை, பாவமும் பாக்கேல்லை. நல்லாப் போட்டி போட்டுத்தான் கேட்டன். நீங்கள் என்னைவிட நல்லாக் கேட்டிருக்கிறியள்."

பக்கத்து ஊரான பிக்கரிங்கில் ஒரு வேலை பார்த்துவைத்திருப்பதாகச் சொன்னான். ஒரு வருடம் உழைத்துக்கொண்டு அடுத்த முறை மறுபடி விண்ணப்பிப்பானாம். அடுத்த இன்ரவியூவுக்குத் தான் பழக்கிவிடுவதாக அவள் சொல்ல, அதற்குக் கூலி என்னவென்று அவன் கேட்க, முதல் பாடம் இலவசம் என்று அவள் சொன்னாள். அவன் மேசையைப் பார்த்தான்.

"நீங்கள் செப்டெம்பரிலை யூனிவர்சிற்றிக்குப் போயிடுவியள். நான் வர ஒரு வருசம் செல்லும். வராமலும் விடலாம். அதோட நான் வேதக்காரன், சேர்ச்சுக்குப் போற ஆள். உங்கடை அம்மாவை நினைக்கவே எனக்குப் பயமாக் கிடக்கு."

"எனக்கும்தான்" என்றாள் துர்க்கா. "ஆனால் இல்லாததை இல்லையெண்டு வெள்ளைக்காரருக்கே சொல்லிப்போட்டன். இருக்கிறதை இருக்கெண்டு அம்மாவுக்குச் சொல்லத்தானே வேணும்."

அவன் நிமிர்ந்தான். அந்தக் கரிய கண்களில் இப்போது குறும்பு துளியும் இல்லை. அவளுடையதைப் போலவே ஒரு வெறும் பயம்.

"என்ன இருக்கு?"

"நீங்கள்..." என்றாள்.

அவன் கதிரையை இழுத்துக் கொடுத்தான். இருவரும் பக்கத்தில் பக்கத்தில், ஒருவரையொருவர் பார்க்கப் பயந்துகொண்டு, வெகுநேரம் அப்படியே இருந்தார்கள்.