நசுங்காத பழம்

பின்சீட்டின் பிளாஸ்டிக் உறை சரசரத்தது, யாரோ ஏறி உட்கார்ந்து வசதியாக நகர்ந்துகொள்வது போல.

தேவநாதன் கண்ணாடியில் பார்த்தான். யாரும் இல்லை. எரிச்சல்தான் வந்தது. விழுப்புரம் ஷோரூமில் பெயின்ட்டைத் தடவி, கதவு இடுக்கில் டார்ச் அடித்து, டயர் தயாரான வாரம் வரை சரிபார்த்து எடுத்த டர்போ வண்டி. ஊர் எல்லை தாண்டுவதற்குள் சத்தம்.

பூஜை முடிந்ததும் டயருக்கு ஒன்றாக நான்கு எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்கள். புது டயரில் சாறு படக் கூடாதென்று அவனே குனிந்து எடுத்துவிட்டான்.

"பழம் நசுங்காம வண்டி நவுரக் கூடாது சார்" என்றார் ஷோரூம் ஊழியர் பெரியதம்பி.

"என் டயர நான் பாத்துக்கறேன். நீ உன் வேலையப் பாருய்யா."

"அப்ப தூக்கியாச்சும் போட்டுடுங்க. உள்ள வச்சிக்கினு போவாதீங்க."

"ஜூஸ் போட்டுக் குடிக்கிறேன், போய்யா." நான்கையும் பின்சீட்டின் கீழே, கால் வைக்கும் இடத்தில் வீசினான்.

அதைவிட எரிச்சல், வேகம். இன்ஜின் பழகும்வரை, முதல் ஆயிரம் கிலோமீட்டருக்கு விரட்டக் கூடாதாம். தவிட்டு லாரிகூட ஹாரன் அடித்து முந்திப் போனது. வண்டியே கதி என்று கிடந்தவனிடம் கோபித்துக்கொண்டு திண்டிவனத்தில் உள்ள அம்மா வீட்டுக்குப் போன மனைவி கலைப்பிரியா, இருட்டுவதற்குள் வந்தால் குழந்தையோடு திரும்பி வருகிறேன், இல்லையென்றால் இனி வராதே என்றிருந்தாள். வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது.

விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டியதும், புது வண்டியின் ரப்பர், பசை வாசனையை விலக்கிக்கொண்டு எலுமிச்சை வாடை பச்சையாக எழுந்து, ஏசிக் காற்றில் சுற்றி, அவன் நாக்கில் வந்து உட்கார்ந்தது. ஓரங்கட்டிப் பார்த்தான். ஒரு பழம் தட்டையாகக் கிடந்தது. சீட்டில் ஒரு பள்ளம். கையால் தட்டினான். நிமிரவில்லை. சில்லென்றிருந்தது.

கிளம்பினான். பின்சீட்டில் ஆள் பெல்ட் போடவில்லை என்று விளக்கு எரிந்தது. சென்சார் பழுது. நாளைக்கே போய் ஷோரூம்காரர்களை ஒரு பிடி பிடிக்க வேண்டும்.

சதக்.

பின்னால்தான். கால் ஆக்சிலரேட்டரை அழுத்தப் போனது. ஆயிரம் கிலோமீட்டர் ஞாபகம் வந்தது. காலை எடுத்துக்கொண்டான்.

சதக்.

மூன்று. கண்ணாடியைப் பார்க்கவில்லை. பார்க்கவே இல்லை.

திண்டிவனத்தில் வாசலிலேயே பையோடு நின்றிருந்தாள் கலைப்பிரியா. அவன் பெல்ட்டைக் கழற்றுவதற்குள் பின்கதவைத் திறந்து மகளை ஏற்றிவிட்டாள்.

"பின்னால வேணாம்! எறக்கு அவள!"

"ஏன், எம்பொண்ணு ஒக்காந்தா உன் சீட்டு அழுக்காயிடுமா? இன்னும் நீ திருந்தலல்ல?"

கதவை அறைந்து சாத்தினாள். பூட்டு விழுந்தது. அவன் தொடவில்லை. கலைப்பிரியா வெளியே நின்று கைப்பிடியை இழுத்தாள்.

தேவநாதன் திரும்பினான். மகள், பக்கத்தில் யாருக்கோ இடம் விட்டு ஒதுங்கி உட்கார்ந்திருந்தாள். அவள் கால்கள் தரைக்கு எட்டாமல் அந்தரத்தில் தொங்கின.

கீழே, நான்காவது பழம் மெல்ல அமுங்கிக்கொண்டிருந்தது.