முள்ளி முன்னால் போகிறாள்

"முள்ளி தன் வலது காலை இழுத்து இழுத்து இருட்டுக்குள் செல்கிறாள்" என்று அடித்தொண்டையிலிருந்து சொல்லிக்கொண்டே, அதற்குத் தோதாக மேசைக்கு அடியில் ரப்பர் செருப்பைத் தரையில் தேய்த்துக்கொண்டிருந்தான் மணவாளன். சொல்லி முடித்ததும் காலை நிறுத்தினான். சத்தம் நிற்கவில்லை.

சர்ர்க். ஒரு அடி. மறுபடி சர்ர்க்.

"போதும் மணா, நிறுத்துடா. பல்லு கூசுது," என்றாள் பவித்ரா.

குனிந்து பார்த்தான். செருப்பு அவன் காலில் அசையாமல் இருந்தது. சத்தம் அவனுக்குப் பின்னாலிருந்து வந்தது, ஹாலிலிருந்து சமையலறைக்குப் போகும் குறுகலான பாசேஜிலிருந்து. அவன் திரும்புவதற்குள் நின்றுவிட்டது.

"சவுண்ட் எஃபெக்ட்," என்றான் மணவாளன். தனக்குச் சேராத பாராட்டைத் திருப்பிக் கொடுக்கும் பழக்கம் அவனுக்கு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பிரியாணிக்குப் பிறகு அம்பத்தூரே குப்புறப் படுத்துத் தூங்கும் நேரத்தில் இவர்கள் மூவரும் மணவாளன் வீட்டு ஹாலில் ஒரு ராஜ்ஜியத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள். வேலப்பன்சாவடிப் பக்கம் ஒரு இன்ஜினியரிங் காலேஜில் லேபைக் கட் அடித்த நேரத்தில் ஆரம்பித்த ஆட்டம் இது. சீட்டு கிடையாது, காய் கிடையாது. ஒருவன் கதை சொல்வான். மற்றவர்கள் ஆளுக்கொரு கேரக்டராக அந்தக் கதைக்குள் நடப்பார்கள். வாள் பட்டதா, பள்ளத்தைத் தாண்டினாளா என்பதை இருபது முகமுள்ள டைஸ் சொல்லும். டிகிரி முடிந்தது, அரியர் முடிந்தது, ரசாக்குக்கு நிக்காஹ்கூட முடிந்தது. ஆட்டம் மட்டும் முடியவில்லை. இன்றுதான் கடைசி.

அப்துல் ரசாக் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் கஸ்டமர் கேர். வாரம் முழுக்க முகம் தெரியாதவர்களிடம் மன்னிப்புக் கேட்பவன், ஞாயிற்றுக்கிழமை மட்டும் நெருப்பு கக்கும் மந்திரவாதி. பவித்ரா திண்டுக்கல்லிலிருந்து படிக்க வந்து, ஐ.டி.யில் சேர்ந்து, இங்கேயே ஃபிளாட் எடுத்தவள். ஆட்டத்தில் வாள்வீராங்கனை. முள்ளி எழிலரசியின் கேரக்டர். எழிலரசி இப்போது ஊரில் இல்லை.

கதை சொல்கிற மணவாளன் தனக்கு முன்னால் ஒரு மறைப்பு வைத்திருப்பான். இரண்டு பழைய காலண்டர் அட்டைகளை டேப் போட்டு ஒட்டியது. ஆடுகிறவர்கள் பக்கம் அரிசி மண்டிக்காரர் உபயத்தில் முருகன், அவன் பக்கம் வெறும் அட்டை. அதற்குப் பின்னால் டைஸை உருட்டுவான். விழுந்தது என்று அவன் சொல்வதை மற்றவர்கள் நம்ப வேண்டும். காலேஜ் கடைசி வருஷம் ஒருநாள் அவன் "மூன்று" என்று சொன்னபோது எழிலரசி எழுந்து எட்டிப் பார்த்தாள். "டேய், பதினெட்டு வுழுந்துகீது! புளுவுறான்டா இவன்!" எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அன்றைக்குச் சிரித்ததில் பிடித்துக்கொண்ட தாடை இன்னும் அவனுக்கு வலித்தது.

அப்புறம் அவளுக்கு ஹைதராபாத்தில் வேலை கிடைத்தது.

இந்த மேசைக்கென்று ஒரு வழக்கம் உண்டு. வராதவர்களுடைய கேரக்டர் முன்னால் போகும். பொறியோ, பாம்போ, பள்ளமோ, எது வந்தாலும் முதல் மரியாதை அதற்குத்தான். மெனக்கெட்டு பஸ் பிடித்து வந்தவனுக்கு அடிபடக் கூடாதே என்ற நல்லெண்ணம். எழிலரசி வரவே இல்லை. ஆகவே ஒவ்வொரு ஞாயிறும் முள்ளி முன்னால் போனாள். இடுப்பளவு உயரம், கையில் திரி விளக்கு, வழி பார்த்துச் சொல்கிற வேவுக்காரி. இரும்புப் பொறியில் அவள் கால் நசுங்கியது. அமிலத் தொட்டியில் விரல்கள் போயின. ஏதோ ஒரு பறவை கண்ணைக் கொத்திக்கொண்டு போனது. சாகடிக்க மட்டும் மாட்டான் மணவாளன். ஆட்டக் கணக்கில் அவள் உயிரில் ஒரே ஒரு புள்ளியை மிச்சம் வைப்பான். செத்துவிட்டால் அடுத்த வாரம் யாரை அனுப்புவது? ஒவ்வொரு காயத்தையும் நிதானமாக, எலும்பு எந்தச் சுருதியில் முறிந்தது என்பது வரை, அதற்கென்றே வைத்திருந்த அந்த அடித்தொண்டைக் குரலில், மேடைத் தமிழில் சொல்வான். அந்த நேரம் பார்த்து ஹைதராபாத்தில் ஒருத்திக்கு நெஞ்சுக்குள் சுருக்கென்று குத்த வேண்டும். வேறு பெரிய வேண்டுதல் எதுவும் அவனுக்கு இருந்ததில்லை.

மழை வலுத்தது. கரண்ட் போனது. இன்வர்ட்டர் ஹாலில் ஒரு லைட்டை மட்டும் காப்பாற்றியது, பாசேஜ் கறுத்துப்போனது. அந்தக் கறுப்பிலிருந்து ஒரு வாடை மெதுவாக ஊர்ந்து வந்தது. ஈரக் கல், எண்ணெய் தீர்ந்து கருகுகிற திரி, அதற்கும் அடியில் கட்டு மாற்றாத புண்ணின் இனிப்பான நாற்றம். மணவாளனுக்கு அந்த வாடையைத் தெரியும். போன வாரம் சுரங்கத்தை வர்ணிக்கும்போது அவன் சொன்ன வாடை. சொன்னதோடு சரி, முகர்ந்து பார்த்ததில்லை.

"எலி எதுவும் செத்துக் கெடக்கா?" பவித்ரா துப்பட்டாவால் மூக்கை மூடினாள்.

"அம்மாவும் அப்பாவும் திருத்தணி போயிருக்காங்க. சிங்க் கழுவல," என்றான். தண்ணீர் குடித்தான். குரலை இறக்கினான். "அரக்கன் வீழ்ந்தான். ஆனால் பாதாளக் கதவு உள்ளேயிருந்துதான் மூடும். நெம்புகோலைப் பிடித்தபடி ஒருவர் உள்ளே நிற்க வேண்டும். முள்ளி ஏற்கெனவே உள்ளே இருக்கிறாள்."

ரசாக் சமோசாவைக் கீழே வைத்தான். "இன்னா மாமே, கடைசி நாளும் அவதானா? கால் இல்ல, கண்ணு இல்ல, பாவம் மாமே. உட்ரு. என் தடிய அந்த நெம்புகோல்ல சொருவிட்டு அவள வெளிய இட்டாந்துர்றேன்."

"தடி உடைஞ்சிரும்."

"டைஸ் போடாமயே?"

"உடைஞ்சிரும்டா."

"அப்ப நான் நிக்கிறேன்," என்றாள் பவித்ரா. "என் கேரக்டர் உள்ள இருக்கட்டும். முள்ளி வரட்டும்."

பாசேஜுக்குள் எதுவோ மூச்சைப் பிடித்துக்கொண்டது. மணவாளனின் முதுகுக்கு அது நன்றாகக் கேட்டது. அதுவரை அங்கே ஒரு மூச்சு ஓடிக்கொண்டிருந்தது என்பதே அது நின்றபோதுதான் அவனுக்குத் தெரிந்தது.

"முடியாது," என்றான்.

"எழிலக் கேக்காம முள்ளிய முடிச்சுவிட முடியாது. அதுவும் ரூல்தான்." பவித்ரா போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

ஹைதராபாத்தில் குக்கர் விசில் அடித்துக்கொண்டிருந்தது. "ஏய் பவி! இன்னாடி அதிசயமா? இன்னும் அத்தயே ஆடிகினு கீறீங்களா? முள்ளியா? யாரு முள்ளி?... ஓ, அந்தக் குள்ளச்சி! நான் எப்பவோ மறந்துட்டேன்டி. மணாவாண்டதானே கீறா? அவனே வெச்சிக்கட்டும், எனுக்கு வாணாம். அவன் எப்டி கீறான்? இன்னும் அந்த அட்டைக்குப் பின்னாலதானா?" சிரித்தாள். இரண்டாவது விசில். போனை வைத்துவிட்டாள்.

ரசாக் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அடக்கிய சிரிப்பில் அவன் தோள் குலுங்கியது.

அத்தனை ஞாயிறும் மணவாளன் எறிந்ததில் ஒன்றுகூட ஹைதராபாத் போய்ச் சேரவில்லை. ஒரு சுருக், ஒரு கெட்ட கனவு, ஒன்றுமில்லை. எல்லாம் முள்ளியோடு நின்றுபோயிருந்தன. அவன் காது மடல்கள் சுட்டன.

"கதவு மூடுகிறது," என்றான். "முள்ளி உள்ளே. அவளுக்குச் சாவு வராது. பசிக்கும். வலிக்கும். விளக்கு அணைகிறது. அவளைத் தேடி யாரும் வர மாட்டார்கள். இவ்வளவு நாள் அவள் காதில் விழுந்துகொண்டிருந்த ஒரே குரலும் இனிமேல் அவளுக்குக் கிடையாது. முற்றும்."

யாரும் கை தட்டவில்லை.

"சைக்கோவா மாமே நீ?" என்றான் ரசாக். பையை எடுத்தான். பவித்ரா தன் டைஸைப் பொறுக்கிப் பையில் போட்டாள். வாசலில் ஹெல்மெட்டை மாட்டும்போது நின்றாள்.

"அவ உன்னை என்னடா பண்ணா?"

"எழிலா?"

"முள்ளிடா."

இருவரும் படி இறங்கினார்கள். வண்டி கிளம்பும் சத்தம் மழைக்குள் கரைந்தது. ஆவடிப் பக்கம் போகும் மின்சார ரயில் ஒன்று நீளமாகக் கூவிவிட்டுப் போனது. அதற்குப் பிறகு மழை மட்டும். வெளிச்சம் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது, பழைய வேட்டி நிறத்தில்.

மணவாளன் மிச்ச சமோசாவைத் தின்றான். ருசியில்லை. எழிலரசிக்கு ஒரு மெசேஜ் அனுப்பலாம் என்று யோசித்து, நல்ல கூர்மையான வாக்கியமாக மூன்றாவது முறை திருத்திக்கொண்டிருந்தபோது, பாசேஜுக்குள் கல்லோடு கல் உராய்ந்தது.

அவன் வீட்டில் கல் கதவு கிடையாது. பாத்ரூமுக்கு ஃபைபர், பெட்ரூமுக்கு பிளைவுட், கிச்சனுக்குக் கதவே இல்லை. ஆனாலும் பெரிய, கனமான, பல வருஷம் ஈரத்தில் ஊறிய ஒரு கல் அங்கே அங்குலம் அங்குலமாக நகர்ந்தது. நகர நகர அந்த வாடை ஹாலுக்குள் வெள்ளம்போல் ஏறி, அவன் முழங்காலை, வயிற்றை, தொண்டையை எட்டியது. பிறகு உராய்வு நின்றது.

சர்ர்க்.

ஒரு அடி.

செருப்பில்லாத அடி. தோலும் எலும்பும் மொசைக் தரையில் பதிகிற அடி.

வாசல் கதவுக்குப் போக வேண்டுமென்றால் பாசேஜைத் தாண்ட வேண்டும். பெட்ரூம் இந்தப் பக்கம். ஓடினான். கதவைச் சாத்தினான். தாழ்ப்பாள். கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில் உட்கார்ந்தான். போன் ஹாலில் இருந்தது.

சர்ர்க். மேசை வரை வந்தது. நாற்காலி நகர்ந்தது. அட்டை கீழே விழுந்தது.

சர்ர்க். இந்தப் பக்கம்.

கதவுக்கு வெளியே நின்றது. கைப்பிடியைத் தொட்டது. விரல் இல்லாத எதுவோ தொடுகிற மாதிரி. வழுக்கியது. மறுபடி வழுக்கியது.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. நான் சொன்னால்தானே அவள் நடப்பாள். எப்போதும் அப்படித்தானே.

"முள்ளி நிற்கிறாள்," என்றான். அடித்தொண்டை வரவில்லை. கீச்சென்று வந்தது.

கைப்பிடி அசைவது நின்றது.

எச்சில் விழுங்கினான். "முள்ளி திரும்பிப் போகிறாள்."

மழை. போகிற சத்தமும் இல்லை, வருகிற சத்தமும் இல்லை.

மணவாளன் கதவையே பார்த்தான். இத்தனை வருஷத்தில் அவளிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை என்பது நினைவுக்கு வந்தது. அவளைப் பற்றித்தான் பேசியிருக்கிறான். "முள்ளி," என்றான். "நான் உன்னை..."

"மணவாளனுக்குப் பேச்சு வரவில்லை," என்றது வெளியே ஒரு குரல்.

அவனுடைய குரல். அதே அடித்தொண்டை. அதே மேடைத் தமிழ். ஞாயிறு ஞாயிறாக இருட்டில் அதை மட்டுமே கேட்டுக் கேட்டு, ஒரு இழுவைகூடப் பிசகாமல் பாடம் ஏறிய குரல்.

வாயைத் திறந்தான். நாக்கு அசைந்தது. காற்று வந்தது. பேச்சு வரவில்லை.

"மணவாளன் எழுந்து நிற்கிறான்."

முழங்கால்கள் நிமிர்ந்தன. அவன் நிமிர்த்தவில்லை.

"கதவருகே வருகிறான். அவனுக்கு வர மனமில்லை. வருகிறான்."

ஒரு அடி. இன்னொரு அடி. பீரோவைப் பிடிக்கப் பார்த்தான். கை கேட்கவில்லை. குரலுக்கு அவசரமே இல்லை. ஒவ்வொரு சொல்லையும் ருசித்துச் சொன்னது.

"தாழ்ப்பாளைத் திறக்கிறான்."

திறந்தான்.

ஹால் வெளிச்சத்துக்கு எதிரே, இடுப்பளவில், ஒரு கறுப்பு. ஒற்றைக் கண். கண்ணை மூடு. மூடு. மூடு.

"அவன் கண்களை மூடவில்லை."

மூடவில்லை.

அது உள்ளே வந்தது. காலை இழுத்து. கதவருகே கிடந்த கட்டில் மேல் ஏறி, அவன் முகம் எட்டும்படி நின்றது. விரல்களில்லாத கை ஒன்று, ஈரமாக, அவன் நெற்றியில் தொடங்கி, புருவம், மூக்கு, உதடு என்று நிதானமாக இறங்கியது, எதில் ஆரம்பிக்கலாம் என்று பார்ப்பதுபோல.

வலது கண்ணருகே நின்றது.

"மணவாளனுக்கு இது பிடித்திருக்கிறது," என்றது குரல்.

கன்னத்தில் கண்ணீர் வழிய, அவன் வாய் இரண்டு பக்கமும் மெல்ல விரிந்தது. விரிந்துகொண்டே போனது.