போர்வைக்குள் கத்திய ஃபோன்

மதியம் இரண்டு இருபது. குழந்தைகள் காப்பகத்தின் தூங்கும் அறையில் ஆறு தொட்டில்கள், ஆறிலும் நல்ல தூக்கம். தொட்டில்களுக்கு நடுவே தரையில் ஒருத்தி சாய்ந்து கிடந்தாள். கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவள் அவள். எந்த அழுகையையும் அடக்கிவிடுவாள் என்பதால் எல்லோருக்கும் தாலாட்டு அக்கா. நெற்றியெல்லாம் வியர்வை, பேச்சு குழறியது.

முதலில் பார்த்தவள் பக்கத்து அறைக்காரி. நடை பழகும் வாண்டுகளை ஊதி ஊதி மேய்ப்பதால் அவள் பெயர் விசில். ஓடிப்போய்ப் பழச்சாறு கொண்டுவந்து மெல்ல மெல்லக் குடிக்க வைத்தாள். விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தால், சர்க்கரை ஐம்பதுக்கும் கீழே.

மூன்று மணிக்கு மகனை அழைத்துப்போக ஓர் இன்ஸ்பெக்டர் வந்தாள். சீருடை இல்லை, ஆனால் கண் அதே கண்தான். வாசலில் விசில் கைப்பையோடு அழுதுகொண்டு நின்றாள். அதைக் கண்டும் காணாமல் போகிற ஆள் இல்லை இன்ஸ்பெக்டர்.

"என்ன ஆச்சு?"

நிர்வாகி கையைப் பிசைந்தாள். "அக்காவுக்குச் சர்க்கரை வியாதி, மேடம். கையில சென்சார் ஒட்டியிருக்காங்க. சர்க்கரை இறங்கினா ஃபோன் கத்தும். இன்னிக்கு யாரோ அந்த ஃபோனைப் போர்வையில சுத்தி, அலமாரியில துணிக்கு அடியில ஒளிச்சு வெச்சிருக்காங்க."

"யாரோன்னா?"

"தினமும் அந்தச் சத்தத்தைப் பத்திப் புலம்பினது இவதான். வீட்டுக்குப் போகச் சொல்லிட்டேன்."

"புலம்பினேன், ஒத்துக்கறேன். ஒளிச்சு வைக்கல," என்றாள் விசில்.

எல்லோரும் பின்னால் வர, இன்ஸ்பெக்டர் தூங்கும் அறைக்குள் போய், தெளிந்து உட்கார்ந்திருந்த தாலாட்டு அக்காவிடம் கேட்டாள். "யார் வெச்சதுன்னு தெரியுமா?"

"தெரியலைங்க." பதில் தரையைப் பார்த்து வந்தது.

இன்ஸ்பெக்டருக்கு ஆர்வம் தொற்றிக்கொண்டது. அறையை ஒரு சுற்றுச் சுற்றினாள். மூலையில் ஒரு நாற்காலி, இடது பக்கம் சுவரோடு ஒட்டிப் போட்டிருந்தது. அந்தச் சுவரில், உட்கார்ந்தால் மேல்கை படும் உயரத்தில், சுண்ணாம்பு தேய்ந்து பளபளத்தது. அக்காவின் இடது மேல்கையின் பின்புறம் நாணயம் அளவுக்குச் சென்சார். அதைச் சுற்றிச் சிவப்பாக ஒரு தடம். சமையலறையில் அவளுடைய சாப்பாட்டு டப்பா திறக்கப்படவே இல்லை.

"ஃபோன் தினமும் கத்துமா அக்கா?"

"பிள்ளைங்களத் தூங்க வைக்கிற நேரத்துல கத்தும். விரல்ல குத்திப் பாத்தா எல்லாம் சரியா இருக்கும். பொய்க்குக் கத்துதுங்க."

"லீவு நாள்ல?"

"கத்தாது."

"இன்னிக்கு ஏன் சாப்பிடல?"

"இன்சுலின் ஊசி போட்டுட்டு டப்பாவை எடுத்தேன். உங்க பையன் அழுதான். நின்னபடியே தூக்கித் தூங்க வெச்சு, சாப்பிடலாம்னு தொட்டில்ல போட்டேன். அப்புறம் ஒண்ணும் ஞாபகமில்ல."

இன்ஸ்பெக்டர் நிர்வாகியைப் பார்த்தாள். "நேத்து இவங்ககிட்ட ஏதாவது சொன்னீங்களா?"

"இன்னொரு தடவை ஃபோன் கத்திக் குழந்தைங்க முழிச்சா, சமையலறைக்கு மாத்திடுவேன்னு சொன்னேன்."

"சரி. அந்தப் போர்வை எங்க?"

அலமாரியில் இருந்தது. ஃபோனை உருவி எடுத்திருந்தார்களே தவிர, மடிப்பு கலையவில்லை. மேல் முனையைச் சட்டைக் காலர் மாதிரி மடித்து உள்ளே செருகியிருந்தது.

"விசில், அந்தப் பொம்மையைப் போர்வையில சுத்துங்க."

விசில் சுற்றினாள். பாயைச் சுருட்டுவதுபோல ஒரே உருட்டு.

இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டாள். "என் பையன் தினமும் காலர் வெச்ச பார்சலாத்தான் வீட்டுக்கு வர்றான். தாடை அழுந்தக் கூடாதுன்னு இப்படி மடிக்கிறவங்க இங்க ஒருத்தர்தான். ஃபோனை ஒளிச்சு வைக்கும்போதும் கை பழக்கத்தை விடல. இல்லையா அக்கா?"

தாலாட்டு அக்கா உடைந்து அழுதாள். "ஆமாங்க. பொய் சொல்ற ஃபோன்தானேன்னு நினைச்சேன். இந்தப் பிள்ளைங்கள விட்டுட்டு என்னால இருக்க முடியாது." விசிலின் கையைப் பிடித்தாள். "உன் தலையில பழி விழுந்தப்பவும் வாயைத் திறக்காம இருந்துட்டேன். மன்னிச்சிரும்மா."

விசில் மூக்கை உறிஞ்சினாள். "முதல்ல உடம்பு தேறட்டும். அப்புறம் உங்களை ஒரு பிடி பிடிக்கிறேன்."

"பாதி வழக்குதான் முடிஞ்சிருக்கு," என்றாள் இன்ஸ்பெக்டர். தூங்கும் மகனை எடுத்து, நாற்காலியில் உட்கார்ந்த அக்காவின் இடது கையில் கொடுத்தாள். அவன் கனத்துக்கு அக்காவின் மேல்கை தானாகச் சுவரில் சாய்ந்தது. கால் மணி நேரம் அப்படியே காத்திருந்தார்கள்.

ஃபோன் கத்தியது. விரலில் குத்திப் பார்த்தார்கள். நூற்றுப் பத்து.

"எங்க ஸ்டேஷன் ரைட்டருக்கும் இதே சென்சார்தான். அது ஒட்டின பக்கம் ஒருக்களிச்சுப் படுத்தா கத்தும்பாரு. சென்சார் இருக்கிற இடம் நசுங்கினா, இல்லாத குறைவைக் காட்டும். தினமும் இங்க நடந்தது அதுதான். இன்னிக்குப் பையன் தொட்டில்ல இருந்தான், கை சுவத்துல படல. அதனால இன்னிக்குக் கத்தினது நிஜம். கேக்கத்தான் யாருமில்ல."

நிர்வாகி மெல்லக் கேட்டாள். "அப்போ குற்றவாளி?"

"கையிலதான் தூங்குவேன்னு அடம்பிடிக்கிறவன் இந்த ஆறு பேர்ல ஒருத்தன்தான். என் வீட்டு ஆளுதான்." சொல்லிவிட்டு மகனின் தலையைத் தடவினாள். தொட்டிலில் போட வேண்டாம், கையிலேயே தூங்கட்டும் என்று அவனைச் சேர்த்த அன்றே கெஞ்சியது அவளேதான்.

நிர்வாகி விசிலின் தோளிலிருந்து கைப்பையை வாங்கி ஆணியில் மாட்டினாள். "சமையலறைப் பேச்சே இனி இல்ல. அந்தச் சத்தம் விசில் ஃபோன்லயும் கேக்கற மாதிரி வெச்சிடலாம். அடுத்த சென்சார் வலது கையில."

பையனைத் தொட்டிலில் போட்டுவிட்டு, அக்கா உட்கார்ந்திருந்த நாற்காலியைச் சுவரிலிருந்து இழுத்துப் போட்டார்கள். அந்தச் சத்தத்தில் விழித்த பையன் வீறிட்டான். தாலாட்டு அக்கா பழக்கத்தில் எழப்போனாள். இன்ஸ்பெக்டர் அவள் தோளை அழுத்தி உட்கார வைத்து, சாப்பாட்டு டப்பாவை மடியில் வைத்தாள்.

"என் பையன் கத்தினா கொஞ்ச நேரம் கத்தட்டும். ஃபோன் கத்தினா மட்டும் உடனே பாருங்க."

அறையே அதிரும்படி அவன் கத்தினான். தாலாட்டு அக்கா டப்பாவைத் திறந்து, கடைசி வாய் வரைக்கும் நிதானமாகச் சாப்பிட்டாள்.